காருக்குத் திறப்பு

நம் வீடுகளிலே பயன் தீர்ந்த பின்னரும் எறியப்படாத பொருட்களுள் முதலிடம் பெறுவது பழைய திறப்புக் கோவை. உடைந்த பீங்கானை வளவின் மூலையிலே புதைத்துவிடுகின்றோம். கிழிந்த பாயை எரித்துவிடுகின்றோம். எந்தப் பூட்டுக்கு உரியதென்று எவருக்கும் தெரியாத திறப்பை எறிவதற்கு மட்டும் ஒருவருக்கும் மனம் வருவதில்லை. அலுமாரி லாச்சியை இழுத்துப் பார்த்தால், கறள் ஏறிய கம்பி வளையமொன்றிலே பத்துப் பன்னிரண்டு கோக்கப்பட்டுக் கிடக்கும். விற்றுப்போன வீட்டின் திறப்பு, கறையான் அரித்த பெட்டகத்தின் திறப்பு, எவரோ வெளிநாடு சென்றபோது வைத்துவிட்டுப் போன பயணப்பெட்டியின் திறப்பு ஆகியவற்றுக்கிடையே, சில வீடுகளில், இரண்டு மூன்று எழுத்துக்களும் சில இலக்கங்களும் பொறித்த சிறிய திறப்பொன்றும் இருக்கும். அது காருடையது. கார் இருக்கின்றதா என்பது வேறு கேள்வி.

திறப்பு என்ற சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை. தமிழகத்தார் ‘சாவி’ என்பர். அது போர்த்துக்கேயரிடமிருந்து வந்த சொல். அந்தப் போர்த்துக்கேயர் 1619 முதல் 1658 வரை யாழ்ப்பாணத்தை ஆண்டிருந்தும், நாம் அலுமாரியை அவர்களிடமிருந்தும், லாச்சியைப் பின்வந்த ஒல்லாந்தரிடமிருந்தும் பெற்றுக்கொண்டோமேயன்றித் திறப்பை மட்டும் நமது சொல்லாகவே வைத்துக்கொண்டோம். பொருளின் பெயரிலேயே அதன் தொழிலும் அடங்கியிருப்பது ஒரு சிறப்பு. பூட்டுவதற்கும் அதே பொருள்தான் பயன்படுகின்றது; ஆயினும் பூட்டுதலை முன்னிட்டு எவரும் அதற்குப் பெயரிடவில்லை. திருமறைக்காட்டுக் கதவின் வரலாறு மாணவர்கள் அறிந்ததே. அடைத்துக் கிடந்த கதவைத் திறப்பிக்க அப்பர் சுவாமிகள் ஒரு பதிகம் முழுவதையும் பாடவேண்டியிருந்தது. அதனை மீள அடைப்பிக்கச் சம்பந்தருக்கு முதற் பாட்டே போதியதாயிற்று. திறத்தலே அரிய வேலை என்று அக்காலத்தவரும் கண்டிருந்தனர் போலும்.

யாழ்ப்பாணத்துக்குப் புதிதாக வருவோர் இங்குள்ள பழைய கார்களைக் கண்டு வியப்பதுண்டு. ஒஸ்ரின் ஏ 40, ஒஸ்ரின் கேம்பிறிச், மொறிஸ் ஒக்ஸ்போட், மொறிஸ் மைனர் என்று இங்கிலாந்திலே பிறந்து, அங்கே பொருட்காட்சிச் சாலைகளுக்குச் சென்றுவிட்ட வண்டிகள் இங்கே கலியாண வீட்டு வாசல்களிலே நிற்கின்றன. இதனை நமது பழமைப் பற்று என்று சிலர் புகழ்கின்றனர். உண்மை அத்துணை அழகானதன்று. 1960களின் தொடக்கத்திலே அந்நியச் செலாவணி நெருக்கடி காரணமாகக் கார் இறக்குமதி இறுக்கப்பட்டது. 1977-இல் பொருளாதாரக் கதவு திறக்கப்படும்வரை இருந்த வண்டியைப் பேணுவதன்றி வேறு வழி பெரும்பாலோர்க்கு இல்லை. அதன் பின் போர். 1990-இல் வந்த பொருளாதாரத் தடையால் பெற்றோல் வருவது நின்றபோது, நுண்ணிய பாகங்களைக் கொண்ட புதிய வண்டிகள் ஓய்ந்துவிட, இந்தக் கிழட்டு இயந்திரங்கள்தாம் சில துளி பெற்றோலிலே உயிர்பெற்று மண்ணெண்ணெயிலே ஓடின. நோயாளரை வைத்தியசாலைக்குக் கொண்டு சென்றவை அவை. வேடிக்கை என்னவெனில், பெற்றோலும் பற்றரியும் வடக்குக்குத் தடைசெய்யப்பட்டிருந்த அதே 1990களிலே, இலங்கையின் தென்பகுதியில் மொறிஸ் மைனருக்கு உதிரிப்பாகங்கள் செய்யப்பட்டு இங்கிலாந்துக்குக் கப்பலேறிக்கொண்டிருந்தன.

இப்போது அந்தக் கார்களை மீண்டும் ஓட்டவேண்டும் என்ற ஆசை இளைஞரிடையே பிறந்திருக்கின்றது. கொட்டிலிலே இருபது முப்பது ஆண்டுகள் உறங்கிய வண்டியை எழுப்ப முற்படுவோர் முதலிலே சந்திக்கும் இடர் இயந்திரம் அன்று, ரயரும் அன்று. திறப்பு இல்லை என்பதுதான்.

திறப்பில்லாத காரைக் கண்டவுடன் கராச்சுக்காரர் பலர் சொல்லும் மருந்து ஒன்றே: இக்னிசன் சுவிச்சை உடைத்தெறிந்துவிட்டு, வயர் இரண்டையும் ஒரு சாதாரண ஆளியிலே தொடுத்துவிடுவது. போர்க்காலத்திலே அப்படி ஓடிய வண்டிகள் பல. அன்று அது தேவை. இன்று அது சோம்பல் என்பது என் எண்ணம். ஏன் என்பதை விளங்கிக்கொள்வதற்கு அந்தப் பூட்டின் உள்ளே சிறிது எட்டிப் பார்த்தல் வேண்டும்.

பூட்டின் நடுவிலே சுழலும் உருளை ஒன்று உண்டு. அவ்வுருளையைக் குறுக்கே கீறியமைத்த பிளவுகளிலே மெல்லிய பித்தளைத் தகடுகள் வரிசையாக நிற்கின்றன. ஒவ்வொரு தகட்டின் நடுவிலும் ஒரு துவாரம். திறப்பு அத்துவாரங்களினூடாகவே உள்ளே செல்கின்றது. கண்ணுக்கு அரிதிற் புலப்படும் சிறு சுருள்வில் ஒன்று ஒவ்வொரு தகட்டையும் ஒரு பக்கமாகத் தள்ளிக்கொண்டிருக்கும். தள்ளப்பட்ட தகட்டின் விளிம்பு உருளைக்கு வெளியே நீண்டு, சுற்றியுள்ள கூட்டின் பள்ளத்திலே புகுந்து நிற்பதனால் உருளை சுழலாது. உரிய திறப்பை நுழைத்தால், அதன் விளிம்பிலுள்ள வெட்டுக்கள் ஒவ்வொரு தகட்டையும் அதற்கு வேண்டிய அளவு மட்டும் அசைத்து உருளையின் மேற்பரப்போடு சமமாக்கிவிடும். குறைவாக அசைந்தால் ஒரு பக்கம் தடுக்கும். கூடுதலாக அசைந்தால் மறுபக்கம் தடுக்கும். எல்லாத் தகடும் ஒருங்கே சமமானால் மட்டுமே உருளை திரும்பும். அமெரிக்கரான லைனஸ் யேல் 1861-இல் உரிமைப் பத்திரம் பெற்ற ஊசிப் பூட்டுக்கு இது எளிய தம்பி எனலாம்.

திறப்பை மாற்றுவது, பூட்டின் தகடுகளை மாற்றி வேறொரு திறப்புக்கு இசைவிப்பது என்பனவெல்லாம் இந்தத் தகடுகளின் கதைதான். உருளையை வெளியே எடுத்து, தகடுகளைக் கழற்றி, வேறு ஒழுங்கிலோ வேறு அளவிலோ மீள வைத்தால், பூட்டு பழைய பூட்டாகவே இருக்கும். அதனைத் திறப்பது மட்டும் வேறொன்றாகிவிடும். வெட்டாத திறப்பொன்றை உருளையினுள் நுழைத்து, எந்தத் தகடு வெளியே நீட்டுகின்றது என்று பார்த்துப் பார்த்து அந்த இடத்திலே அரத்தால் அராவிக்கொண்டு வந்தால், பூட்டைக்கொண்டே திறப்பையும் செய்துவிடலாம். ஆகவே உருளை அழியாதிருக்கும்வரை திறப்பு அழிந்துவிட்டதாகக் கொள்ளவேண்டியதில்லை. உடைத்தெறிபவர் எறிவது பூட்டை மட்டுமன்று, திறப்பையுந்தான்.

பழைய ஆங்கிலக் கார்களுக்கு இன்னுமொரு வசதி உண்டு. கதவுப் பூட்டுக்களைப் பெரும்பாலும் பேர்மிங்காம் நகரத்து வில்மட் பிறீடன் கம்பனியும், மின்சுவிச்சுக்களை அதே நகரத்து லூக்காஸ் கம்பனியும் செய்தன. திறப்புக்களை இனம் இனமாகப் பிரித்து இலக்கமிட்டிருந்தனர். அவற்றுள் பெயர்பெற்ற ‘எவ். எஸ்.’ இனம் 876-இலே தொடங்கி 955-இலே முடிகின்றது. இலக்கம் திறப்பிலே பொறிக்கப்பட்டிருக்கும். பல கார்களில் இக்னிசன் சுவிச்சின் முகத்திலும் பொறிக்கப்பட்டிருக்கும். கதவுப் பூட்டிலே அது உள்ளே மறைந்திருப்பதனால், கைபிடியைக் கழற்றினால்தான் காணலாம். இலக்கம் தெரிந்துவிட்டால் வண்டி எங்கே இருந்தாலும் கவலையில்லை. அந்த இலக்கத்துக்குரிய வெட்டுக்களைப் பட்டியலிலே பார்த்துப் புதுத் திறப்பை வெட்டி அனுப்பும் கடைகள் இங்கிலாந்திலே இன்றும் உள்ளன.

கணக்கிலே நாட்டமுள்ள மாணவர்கள் 876-இலிருந்து 955 வரை எத்தனை என்று இதற்குள் எண்ணியிருப்பர். எண்பது. ஓர் இனத்துக்கு எண்பது வகைத் திறப்புக்களே, கார்களோ இலட்சக்கணக்கில். மொறிஸ் மைனர் மட்டுமே 1948-இல் வெளிவந்தது முதல் 1970களின் தொடக்கத்தில் நிறுத்தப்படும்வரை ஏறத்தாழ 16 இலட்சம் செய்யப்பட்டது. எனவே உங்கள் திறப்பு உலகிலே வேறு பல கார்களையும் திறக்கும். நல்லூர்த் தேர்த் திருவிழாவன்று இவ்வினத்துத் திறப்பையுடைய கார்கள் சில ஒரே ஒழுங்கையில் நிறுத்தப்பட்டிருப்பதாகக் கொள்வோம். அவற்றுள் யாதேனும் இரண்டுக்கு ஒரே திறப்பு அமைவதற்கான வாய்ப்புப் பாதிக்கு மேற்பட எத்தனை கார்கள் வேண்டும்? நாற்பது என்று சொல்லத் தோன்றும். எண்பது வகையும் சமமாகப் பரந்துள்ளன எனக் கொண்டால், விடை பதினொன்று. இரண்டாவது கார் முதலாவதிலிருந்து வேறுபடும் வாய்ப்பு எண்பதில் எழுபத்தொன்பது. மூன்றாவது முன்னிரண்டிலிருந்தும் வேறுபடுவது எண்பதில் எழுபத்தெட்டு. இவ்வாறு பத்துப் பின்னங்களைப் பெருக்கினால் 0.49 அளவிலே வரும். பிறர் காரைத் தம் காரென்று எண்ணிச் சிறிது தூரம் ஓட்டிச் சென்றவர்களைப் பற்றி மூத்தோர் சொல்லும் கதைகளை இனிமேலாவது நம்பலாம்.

இனி, சென்ற ஆண்டு நான் அருகிருந்து கண்ட ஒரு காரியத்தைச் சொல்கின்றேன்.

என்னிடம் படித்த மாணவர் ஒருவருடைய வீட்டிலே 1961-இல் அவருடைய பாட்டனார் வாங்கிய மொறிஸ் மைனர் ஒன்று நின்றது. பாட்டனார் கொழும்பிலே அரசாங்க எழுதுவினைஞராக இருந்தவர். 1995 ஒக்டோபர் 30-ஆந் திகதி வலிகாமம் முழுவதும் பெயர்ந்தபோது, வீட்டையும் காரையும் பூட்டிவிட்டு, அவர்களும் எல்லாரையும்போல நடந்தனர். அடுத்த ஆண்டு திரும்பி வந்து பார்த்தபோது வீட்டுக் கதவு உடைந்திருந்தது. கார் பற்றரியையும் இரண்டு சில்லுகளையும் இழந்து கொட்டிலிலேயே நின்றது. பாட்டனார் அதன்பின் நெடுநாள் இருக்கவில்லை. காரை ஓட்டும் எண்ணம் எவருக்கும் வரவில்லை. ஆகவே திறப்பு எங்கே என்று எவரும் கேட்கவுமில்லை.

மாணவர் வேலைக்குச் சென்று சிறிது பணம் சேர்த்ததும் காரைத் திருத்த முற்பட்டார். கராச்சுக்காரர், நான் மேலே சொன்ன மருந்தையே சொன்னார். அன்று மாலையே ஸ்குறூ றைவரோடு வருவதாகவும் சொன்னாராம். நான் தடுத்து, பெரியகடைப் பக்கத்திலே திறப்பு வெட்டும் முதியவர் ஒருவரிடம் மாணவரை அழைத்துச் சென்றேன். இயந்திரம் வைத்து ஒன்றைப் பார்த்து இன்னொன்றை வெட்டித் தருவோர் இன்று தெருவுக்கு ஒருவர் இருக்கின்றனர். பூட்டைக் கழற்றித் தகடுகளைக் கண்ணாலே வாசிக்கத் தெரிந்தவர்கள் குறைவு.

அவர் பூட்டைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. வாகனப் பதிவுப் புத்தகத்தைக் கேட்டார். அதிலே பாட்டனாரின் பெயர் இருந்தது.

“அப்பப்பாவின்ரை பேரிலை கிடக்கு. அவர் இல்லை. உரித்துக்காரர் எத்தினை பேர், தம்பி?”

“அப்பாவும் மாமியும், ஐயா. மாமி கனடாவிலை.”

“அப்ப மாமியையும் ஒரு சொல்லுக் கேட்டிட்டு வாருங்கோ.” பின்னர் என் பக்கம் திரும்பி, “மாஸ்ரர், திறப்பு வெட்டிறது பத்து நிமிச வேலை. ஆருக்கு வெட்டிறதெண்டதுதான் பெரிய வேலை” என்றார்.

மாணவர் முகம் சுருங்கியதற்குக் காரணம் இருந்தது. காணிப் பங்கு பற்றிய ஒரு கடிதத்தின் பின்னர், அவருடைய தகப்பனாரும் மாமியாரும் மூன்று வருடங்களாகப் புத்தாண்டு வாழ்த்துக்கு மேல் ஒன்றும் பேசியதில்லை. எந்த வீட்டிலே இல்லாத கதை? எனினும் முதியவர் தம் நிலையிலிருந்து இறங்கவில்லை. ஆகவே அன்றிரவு தகப்பனார் கனடாவுக்குத் தொலைபேசி எடுத்தார். காரைத் திருத்தப்போவதையும், பூட்டை மாற்றப்போவதையும், பதிவுப் புத்தகத்தின் பொருட்டுக் கேட்பதையும் வழக்கறிஞர் அறிவித்தல் வாசிப்பதுபோலச் சொன்னாராம். மறுமுனையிலே சிறிது நேரம் சத்தமில்லை. பின்னர் தங்கையார் சொன்னது இது:

“அண்ணை, பூட்டை உடைச்சுப் போடாதேங்கோ. திறப்பு என்னட்டைக் கிடக்கு.”

இடம்பெயர்ந்த அன்று பத்திரங்கள் வைத்த பையைச் சுமந்தவர் அவர். பாட்டனார் வீட்டுத் திறப்பையும் கார்த் திறப்பையும் அதற்குள்ளே போட்டிருக்கின்றார். வன்னி, கொழும்பு, கனடா என்று அந்தப் பை போன இடமெல்லாம் திறப்பும் போயிருக்கின்றது. வீட்டுக்குப் புதுக் கதவும் புதுப் பூட்டும் போட்டாயிற்று என்பதை அவர் அறிவார். அந்தத் திறப்பு இனி ஒன்றையும் திறவாது. காரின் பூட்டு மட்டுமே அப்படியே இருந்தது.

திறப்பைத் தபாலில் அனுப்பட்டுமா என்று அவர் கேட்டார். இலக்கத்தைச் சொன்னால் போதும் என்று முதியவர் சொல்லியிருந்தார். ஆனால் முப்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பாட்டனாரின் சட்டைப் பையிலே உராய்ந்த திறப்பு அது. எழுத்துக்களும் முதலிரண்டு இலக்கங்களும் தெரிந்தன. கடைசி இலக்கம் மூன்றா எட்டா என்று தெளியவில்லை. சிறுவயதிலே நாணயத்தின்மேற் கடதாசியை வைத்துப் பென்சிலால் உரஞ்சி உருவம் எடுப்போமே, அதையும் அந்த அம்மையார் செய்து படம் பிடித்து அனுப்பினார். பயனில்லை. இங்கே, சுவிச்சின் முகத்திலே பச்சைக் களிம்பு படர்ந்திருந்தது. முதியவர் அதனைத் தேசிக்காய்ப் பாதியாலே மெல்லத் தேய்த்துக் கழுவினார். முதலிலக்கம் அழிந்தே போயிருந்தது; கடைசி இலக்கம் நன்றாகத் தெரிந்தது. எட்டு. முழு இலக்கத்தை இங்கே எழுதாமைக்கு வாசகர்கள் மன்னிப்பர். எழுதினால் உங்களுள் எவரும் அந்தக் காருக்குத் திறப்பு வெட்டிவிடலாம்.

தேய்ந்த திறப்பை வைத்து அதேபோல் இன்னொன்று வெட்டியிருந்தால் என்ன என்று சிலர் கேட்கக்கூடும். அது தவறான முறை. பிரதி எடுக்கும் இயந்திரம் வெட்டை மட்டுமன்றித் தேய்வையும் பிரதி எடுக்கும். பிரதிக்குப் பிரதி என்று போனால், மூன்றாவது தலைமுறைத் திறப்பு எந்தத் தகட்டையும் சரிவரச் சமமாக்காது. இலக்கத்தைக் கொண்டு வெட்டுவது, கார் தொழிற்சாலையிலிருந்து வந்த நாளுக்குத் திரும்பிச் செல்வதற்கு ஒப்பானது.

இங்கிலாந்திலிருந்து இரண்டு புதிய திறப்புக்கள் ஐந்து வாரத்திலே வந்தன. முதல் நாள் திறப்புச் சுவிச்சினுள் பாதிக்கு மேற் செல்லவில்லை. எவரோ முற்காலத்திலே உள்ளே விட்ட தேங்காயெண்ணெய் புழுதியோடு சேர்ந்து பிசினாகி இறுகியிருந்தது. பூட்டு இறுகினால் தேங்காயெண்ணெய் விடும் வழக்கம் நம்மிடையே பரவலாக இருப்பதனாற் சொல்கின்றேன்: விடாதீர்கள். உலர்ந்த காரீயத் தூள், அதாவது பென்சிற்கரித் தூள், சிறிது போதும். உலகத்திலேயே சிறந்த காரீயத்தைப் போகலைச் சுரங்கத்திலிருந்து தோண்டும் நாட்டிலே இருந்துகொண்டு, பூட்டுக்குத் தேங்காயெண்ணெய் விடுவது நியாயமன்று. முதியவர் மண்ணெண்ணெயால் மூன்று முறை கழுவி, உலரவிட்டு, காரீயத்தூள் இட்டபின் திறப்பு முழுவதும் சென்றது, திரும்பியது. இரவல் பற்றரி ஒன்றைத் தொடுத்ததும் முகப்பிலே சிவப்பு விளக்கு எரிந்தது.

கதவு மட்டும் திறக்கவில்லை. 1970களில் எப்போதோ கைபிடி உடைந்தபோது வேறொரு வண்டியின் கைபிடியைக் கொண்டுவந்து பூட்டியிருக்கின்றனர். நல்வினையாக அதன் பூட்டும் அதே இனம். புதுத் திறப்பு உள்ளே செல்லும், ஆனால் திருப்பாது.

இங்கேதான் தகப்பனாருக்கும் மகனுக்கும் கருத்து வேறுபட்டது. சுவிச்சு, கதவு, டிக்கி மூன்றுக்கும் ஒரே திறப்புள்ள புதிய தொகுதி இங்கிலாந்திலே விலைக்கு வருகின்றது. அதனையே வாங்கிப் பழையவற்றைக் கழற்றிவிடலாம் என்றார் மகன். அவர் சொன்ன காரணம் சிறியதன்று. முப்பது ஆண்டுகளாகக் கேட்பாரின்றி நின்ற வண்டி. அதற்கு வேறு எவரிடம் திறப்பு உண்டோ யாரறிவார்? முன்னுரிமையாளர் ஒருவரிடமிருந்து பழைய கார் வாங்குவோருக்கு நானும் இதனையே சொல்வேன். தகப்பனார் சிறிது நேரம் பேசாதிருந்தார். பின்னர், கதவையும் டிக்கியையும் பழைய சுவிச்சின் திறப்புக்கே இசைவித்துத் தரமுடியுமா என்று முதியவரிடம் கேட்டார். முடியும் என்றார் அவர். “தங்கச்சியிட்டை இருக்கிற திறப்பும் திறக்குமோ?” என்பது தகப்பனாரின் அடுத்த கேள்வி.

பூட்டு மாற்றுவதென்பது உள்ளிருப்போருக்குப் பாதுகாப்பு. வெளியிருப்போருக்கு அதே செயல் வேறொரு செய்தியைச் சொல்லும். சட்டத்தரணி எழுதும் கடிதத்தைவிடத் தெளிவாகச் சொல்லும். தகப்பனார் அதனை உணர்ந்திருந்தார் என்றே நினைக்கின்றேன். திறப்பைத் தபாலில் அனுப்புவதாகத் தங்கையார் மறுமுறையும் சொன்னபோது அவர், “வேண்டாம் பிள்ளை, அது உன்னட்டையே இருக்கட்டும்” என்று சொன்னதை மாணவர் எனக்குச் சொன்னார்.

மகனுடைய அச்சத்துக்கு வழி வேறு இருந்தது. இந்தக் கார்களில் திறப்பு ஸ்ரியறிங்கைப் பூட்டுவதில்லை. அது கொயிலுக்கு மின்சாரம் விடும் ஆளி மட்டுமே. ஒரு துண்டு வயரோடு வரும் கள்ளனுக்கு எவ்வளவு சிறந்த பூட்டும் ஒரு நிமிடத் தடைதான். ஆகவே பற்றரியின் இணைப்பைத் துண்டிக்கும் ஆளியொன்றை வெளியார் அறியாத இடத்திலே பூட்டிக்கொண்டார்கள். அதனால் இன்னொரு நன்மையும் உண்டு. அக்காலத்து மைனரில் ஸ்ராட்டருக்குத் தனிக் குமிழ். திறப்பு வீட்டினுள்ளே தொங்கினாலும், கியரில் நிற்கும் காரின் குமிழைச் சிறு பிள்ளை ஒன்று இழுத்துவிட்டால் கார் முன்னே பாயும். திறப்பாலேயே ஸ்ராட் செய்யும் முறையைக் கிறைஸ்லர் கம்பனியார் 1949-இல் தம் கார்களிலே கொண்டுவந்துவிட்டனர். ஆங்கிலக் கம்பனிகள் ஆறுதலாகவே பின்பற்றின. பழைய கார் நிற்கும் வீட்டார் இதனை மனத்திற் கொள்க. வண்டியை விட்டு இறங்கும்போது திறப்பை எடுத்துவிட்டோம் என்பது, மின்சாரம் நின்றது என்பதற்குக் கைமேல் உள்ள சான்று. இயந்திரம் ஓடாதிருக்க மின்சாரம் மட்டும் சென்றுகொண்டிருந்தால் கொயில் கொதித்துக் கெடும், பற்றரியும் இறங்கும். கராச்சுக்காரரின் சாதாரண ஆளி அந்தச் சான்றைத் தராது. தேய்ந்த திறப்பும் தராது. ஓடும்போதே கழன்று கையோடு வந்துவிடும்.

கதவுப் பூட்டைத் திருத்திய வேலையை நான் இரண்டு மணித்தியாலம் பார்த்துக்கொண்டிருந்தேன். வெள்ளைத் துணியொன்றை விரித்து அதன்மேல் உருளையை வைத்துத்தான் முதியவர் தகடுகளைக் கழற்றினார். சுருள்வில் ஒன்று துள்ளி நிலத்திலே விழுந்தால் அன்றைய வேலை முடிந்தது. கழற்றிய தகடுகளுள் மூன்று இடம் மாற்றி வைத்ததும் சமமாயின. மற்றவைக்கு உதவாத பழைய பூட்டுக்களை இட்டுவைத்த பால்மாப் பேணியைக் கொட்டித் தேடினார். ஒன்றுக்குப் பொருத்தமானது அகப்பட்டது. எஞ்சிய ஒரு தகடு மயிரிழையளவு நீட்டிக்கொண்டிருந்தது. இத்தகைய இடத்திலே அரத்தால் தகட்டையே ஓர் இழுப்பு இழுத்துவிடுவது பலரது வழக்கம். அவ்வாறு அராவிய பூட்டு உரிய திறப்பைத் தவிர வேறு சிலவற்றுக்கும் இடங்கொடுக்கத் தொடங்கும். முதியவர் அரத்தை எடுத்தார். கனடாவிலிருந்து வந்த படத்தைப் பெரிதாக்கி நெடுநேரம் பார்த்தார். ஒரே ஒரு முறை தொட்டார். அது போதுமா என்று மாணவர் கேட்டதற்கு, புதுத் திறப்புக்குப் போதும் என்று மட்டும் பதில் சொன்னார். கூலியாக அவர் கேட்ட தொகை ஒரு ரயரின் விலையிற் காற்பங்கும் இல்லை.

புதிய திறப்புகளில் ஒன்று தகப்பனாரிடமும் மற்றது மாணவரிடமும் இருக்கின்றன. இலக்கத்தை எழுதிய கடதாசி வண்டிக்குள்ளே வைக்கப்படாமல் பதிவுப் புத்தகத்தோடு அலுமாரியிலே இருக்கின்றது. பதிவுப் புத்தகத்தில் இன்னும் பாட்டனாரின் பெயர்தான். அதை மாற்ற இருவரும் கையெழுத்திடவேண்டும். தங்கையார் அடுத்த நல்லூர்க் கொடியேற்றத்துக்கு வருவதாகச் சொல்லியிருக்கின்றாராம். கதவிலே அந்தக் கடைசித் தகடு இன்னும் சற்று இறுக்கமாகவே இருக்கின்றது. தேய்ந்த திறப்புக்கு அது இசையுமோ, இன்னொரு முறை அரம் தொடவேண்டுமோ என்பதை அவர் வந்தபின்னரே பார்க்கலாம்.